வெளியே வந்த பொறி

2024 ஐப்பசி மழையில் மூன்று நாள் தொடர்ந்து நனைந்த பிறகு, என் தாய்மாமனின் மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டது. பட்டனை அழுத்தினால் செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றியது, கிக்கரை உதைத்தால் இன்ஜின் வழக்கமான எதிர்ப்போடு சுழன்றது, ஆனால் ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. பொங்கலூரைத் தாண்டி, தாராபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் தோட்டத்துச் சாளையில் மாமாவும் அத்தையும் இருக்கிறார்கள். காலையும் மாலையும் பால் கேனைச் சொசைட்டிக்குக் கொண்டு சேர்ப்பது அந்த நூறு சி.சி. வண்டிதான். அது நின்ற நாளிலிருந்து மாமா கேனைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போகிறார் என்று அத்தை ஃபோனில் சொன்னபோது எனக்கு மனது கேட்கவில்லை.

நான்கு நாட்களில் இரண்டு மெக்கானிக்குகள் வந்து பார்த்திருந்தார்கள். பொறி விடும் பிளக் புதிதாக மாற்றப்பட்டது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டர் கழற்றிக் கழுவப்பட்டது, பேட்டரி சார்ஜ் ஏற்றப்பட்டது. பொறிக்கான மின்சாரத்தை நேரம் பார்த்து விடும் சி.டி.ஐ. பெட்டி போய்விட்டது என்றார் ஒருவர். போர், அதாவது சிலிண்டரின் உள்சுவர், தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றார் மற்றவர். "கரண்டெல்லாம் நல்லாத்தான் வருதுன்னு ரெண்டு பேருமே சொல்லிப்போட்டாங்க மாப்ள, அப்புறமும் ஏன் புடிக்க மாட்டேங்குதுன்னு தெரியலையே" என்று மாமா சொன்னார். சனிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் சூலூரிலிருந்து கிளம்பி, காரணம்பேட்டை, பல்லடம் வழியாக இரவு எட்டு மணிக்குச் சாளைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நான் மெக்கானிக் இல்லை. கோவையில் பம்புசெட் மோட்டார் செய்யும் ஒரு பட்டறையின் பரிசோதனைப் பிரிவில் 14 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். காயில் கட்டி முடித்த மோட்டார் வெளியே போகும் முன்பு அது தேறுமா தேறாதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. எங்கள் சூலூருக்குப் பக்கத்துக் கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஓட்டலில் வேலை செய்து சேர்த்த காசில் ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பார்த்துத்தான் இயந்திரம் கற்றார் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பிரித்துப் பார்ப்பதில் இந்தப் பக்கத்தில் யாருக்கும் பயம் கிடையாது. எதைப் பிரிப்பது என்று முடிவுசெய்வதற்கு முன்பு எவ்வளவு நேரம் யோசிக்கிறோம் என்பதில்தான் என் அக்கறை இருக்கிறது.

செல்ஃப் சுற்றியும் பெட்ரோல் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் அதிகம் இல்லை. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் சேர்ந்து வருகின்றனவா, வந்த கலவை போதுமான அளவு அழுத்தப்படுகிறதா, அழுத்தம் உச்சத்துக்கு வரும் நேரத்தில் பொறி விழுகிறதா, எரிந்த புகை வெளியே போக வழி இருக்கிறதா என்ற நான்கோடு முடிந்துவிடும். எந்த வண்டிக்கும் இவற்றைத் தாண்டி ஐந்தாவது காரணம் ஒன்று இருக்க முடியாது என்பதால், ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கிக்கொண்டே போனால் மிஞ்சுவது கோளாறாகத்தான் இருக்க வேண்டும். ஆனால், விலக்கும்போது சரியான காரணத்தோடு விலக்க வேண்டும். ஒன்றைத் தப்பாக விலக்கிவிட்டால், பிறகு எத்தனை பாகம் மாற்றினாலும் கோளாறு நாம் தாண்டி வந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி வேலையைத் தொடங்கினேன். பெட்ரோல் இருந்தது, டேங்கிற்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேப் திறந்திருந்தது. சில வண்டிகளில் கைப்பிடியில் இன்ஜினை நிறுத்தும் சிவப்பு சுவிட்ச் ஒன்று இருக்கும், அது தெரியாமல் கைபட்டு அமுங்கியிருந்தாலும் இப்படித்தான் ஆகும். இந்த வண்டியில் அது இல்லை. டேங்க் மூடியைத் திறந்து வைத்து ஒருமுறை முயன்று பார்த்தேன். மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்துவிட்டால் டேங்கிற்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. அதுவும் காரணமில்லை. பேட்டரியை இறக்காமல் இருக்கச் செல்ஃபை விட்டுவிட்டுக் கிக்கரையே பயன்படுத்தினேன். செல்ஃபை ஒரே மூச்சில் ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தக் கூடாது, அழுத்தியபின் சற்று ஆறவிட வேண்டும் என்பதைப் பலரும் கடைப்பிடிப்பதில்லை. அந்தச் சிறிய மோட்டார் அத்தனை சூட்டைத் தாங்காது.

பிறகு 16 எண் பிளக் ஸ்பேனரைப் போட்டுப் பிளக்கைக் கழற்றினேன். ஸ்டார்ட் ஆகாத வண்டியில் கழற்றிய பிளக்கைப் போல விஷயம் சொல்வது வேறு எதுவும் இல்லை. முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவே இல்லை என்று பொருள், பிறகு டேப், ஃபில்டர், கார்ப்பரேட்டர் என்று பின்னோக்கிப் போகலாம். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. இந்தப் பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியது. அப்படியானால் பெட்ரோல் வருகிறது, வந்தது எரியவில்லை.

மாமாவின் கட்டைவிரலைப் பிளக் துளையின் மேல் அழுத்தி வைக்கச் சொல்லிவிட்டுக் கிக்கரை உதைத்தேன். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று 'பட்' என்று வெளியேறியது, மாமா கையை உதறிக்கொண்டு சிரித்தார். துல்லியமாக அளக்க வேண்டுமென்றால் கேஜ் வேண்டும் என்றாலும், விரலால் அழுத்திப் பிடிக்க முடியாத அளவுக்குக் காற்று வருகிற இன்ஜின், அழுத்தம் இல்லாத காரணத்தால் பிடிக்காமல் போவது அரிது. போர் தேய்ந்த வண்டி முதலில் எண்ணெய் குடிக்கும், நீலப் புகை விடும், ஏற்றத்தில் திணறும். மழைக்கு முந்தைய நாள் வரை கேனோடு வாய்க்கால் மேட்டை மூன்றாவது கியரில் ஏறிய வண்டிக்கு மூன்று நாளில் போர் தேயாது. வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளி மிகவும் இறுகிப்போய் வால்வு முழுக்க மூடாமல் நின்றாலும் அழுத்தம் குறையும், அப்படியிருந்தால் விரலிலேயே தெரிந்திருக்கும்.

அடுத்தது பொறி. பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, ஒயரின் முனையில் இருக்கும் ரப்பர் உறை போட்ட கேப்பில் மாட்டி, அதன் இரும்பு உடல் சிலிண்டர் தலையைத் தொடும்படி, பிளக் துளையை விட்டுத் தள்ளி வைத்துக் கிக்கரை உதைத்தேன். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால், பக்கத்தில் வைத்தால் தீப்பிடிக்கும். பொறி வந்தது. மெக்கானிக்குகள் பொய் சொல்லவில்லை, டிக் டிக் என்று ஒவ்வொரு உதைக்கும் ஒழுங்காக வந்தது.

பெட்ரோல் வருகிறது, அழுத்தம் இருக்கிறது, பொறியும் விழுகிறது. இந்த மூன்றும் இருந்தால் இன்ஜின் பிடித்தாக வேண்டும். நேரம் தவறிப் பொறி விழுகிறதோ என்று சந்தேகிக்கலாம், ஆனால் இந்த வகை வண்டியில் அந்த நேரத்தை முடிவுசெய்யும் மேக்னட் வீல், தன்னைத் தண்டோடு பிடித்து நிறுத்தும் சாவி என்ற சிறு இரும்புத் துண்டை முறித்துக்கொண்டு நழுவினால்தான் அது நடக்கும், நின்றுகொண்டிருந்த வண்டியில் அதற்கு வழியில்லை. புகை போகும் வழியையும் பார்த்தேன். தோட்டத்தில் நிற்கும் வண்டிகளின் சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டிவிடுவது உண்டு. ஒரு கம்பியை விட்டுப் பார்த்தேன், வழி சுத்தமாக இருந்தது. ஏர் ஃபில்டரும் அப்படியே. பல்லடம், சோமனூர் பக்கத்து வண்டிகளில் தறிக்குடோனின் பஞ்சுத்தூசி மெத்தை மாதிரி ஃபில்டரில் படிந்து மூச்சை அடைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இங்கே கொஞ்சம் மண்தூசிதான் இருந்தது.

கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருக்கும் வடிதிருகைத் தளர்த்தி, அதிலிருந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தேன். வெயிலில் தூக்கிப் பார்த்தபோது அடியில் ஒரு கனத்த படலம் தனியாக உருண்டது. தண்ணீர். மழை நீர் டேங்க் மூடி வழியாக இறங்கியிருக்க வேண்டும். 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியதிலிருந்து இந்த விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது. எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாமல் எரியவிடும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் போய்த் தங்கிவிடும். பெட்ரோல் இறங்கும் குழாய் இருப்பதும் அந்த அடியில்தான். கோளாறு அகப்பட்டுவிட்டது என்ற மகிழ்ச்சியில் டேங்கை முழுக்க வடித்து, கிண்ணத்தைத் துடைத்து, தலைமயிர் கனமே இருக்கும் ஸ்லோ ஜெட்டின் துளையில் காற்றை ஊதி, நல்ல பெட்ரோல் ஊற்றி உதைத்தேன். பிடிக்கவில்லை. இருபது உதைக்குப் பிறகு பிளக்கைக் கழற்றினால், மறுபடியும் நனைந்தே இருந்தது.

அத்தை கம்பங்களியும் கீரைக்குழம்பும் வைத்துச் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிடும்போது மாமா, "கரண்டு வருதே மாப்ள, அத உங்கண்ணுல நீயே பாத்தியல்லோ?" என்று காலையில் கேட்டதையே திரும்பக் கேட்டார். பார்த்தேன். எங்கே பார்த்தேன் என்ற கேள்வி அப்போதுதான் எனக்குள் எழுந்தது. சிலிண்டருக்கு வெளியே, திறந்த காற்றில் பார்த்தேன்.

பட்டறையில் தினமும் நான் செய்யும் வேலையே இதுதான். புதிதாகக் கட்டிய காயிலுக்குச் சாதாரண மீட்டரை வைத்தால் எல்லாம் சரியாகக் காட்டும். அந்த மீட்டர் கொடுப்பது ஒரு சில வோல்ட், அந்த அளவைத் தாங்காத இன்சுலேஷன் அரிது. அதே காயிலுக்கு வேலைசெய்யும் வோல்ட்டேஜை விடப் பல மடங்கு கொடுத்துச் சோதிக்கும்போதுதான் எங்கே பலவீனமோ அங்கே உடைத்துக்கொண்டு போகும். பாடு எவ்வளவோ அந்த அளவில் சோதிக்காத சோதனையை நாங்கள் சோதனை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதில்லை.

பிளக்கிற்கும் அதேதான். உலர்ந்த காற்று மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் வரை தாங்கும், அதற்கு மேல் போனால் மின்சாரம் தாண்டும். பிளக் முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 0.6, 0.7 மில்லிமீட்டர் என்பதால், வெளியே இரண்டாயிரம் சொச்சம் வோல்ட் கிடைத்தாலே பொறி தாண்டிவிடும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறும்போது காற்று ஒன்பது மடங்கு சுருங்கி அடர்த்தியாகிறது. அடர்ந்த காற்றைத் தாண்டுவது மேலும் கடினமாவதால், அதே இடைவெளிக்கு உள்ளே தேவைப்படுவது பத்தாயிரம் வோல்ட்டையும் தாண்டிவிடும். மின்சாரம் எப்போதும் எளிய வழியைத் தேடும். வழியில் எங்காவது கேப்பிலோ ஒயரிலோ ஐயாயிரம் வோல்ட்டில் கசியக்கூடிய ஒரு விரிசல் இருந்தால், வெளியே வைத்துப் பார்க்கும்போது அது பிளக் முனையிலேயே தாண்டும், ஏனென்றால் அப்போது அதுதான் எளிய வழி. பிளக்கை உள்ளே மாட்டி அழுத்தம் ஏறியதும் விரிசல் எளிய வழியாகிவிடும். நாம் பார்க்கும்போது வரும் பொறி, பார்க்காதபோது வராது.

வெளியே வைத்தே கடுமையாகச் சோதிக்க ஒரு முறை உண்டு. கேப்பின் உள் தொடுமுனைக்கும் இன்ஜின் உடலுக்கும் 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அதைப் பொறி தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒயரை எதிலும் சேர்க்காமல் அந்தரத்தில் தொங்கவிட்டு உதைக்கக் கூடாது, போக வழியில்லாத மின்சாரம் காயிலையோ சி.டி.ஐ.யையோ உடைத்துவிடும். மாமாவின் பழைய பிளக்கின் வளைந்த முனையை ஒடித்து எறிந்துவிட்டு, அதன் நடுமுனையிலிருந்து, சூட்டை வெளியேற்றும் இன்ஜின் துடுப்புக்கு 6 மில்லிமீட்டர் இருக்கும்படி ஒரு கிளிப்பில் கட்டி உதைத்தேன். மூன்று உதையில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. காலையில் 'டிக் டிக்' என்று கேட்ட இடத்தில் இப்போது லேசாக 'ஸ்ஸ்' என்ற சத்தம் மட்டும் வந்தது. சத்தம் பிளக்கிலிருந்து வரவில்லை, அதற்கு மேலே எங்கிருந்தோ வந்தது.

இருட்டும் வரை காத்திருந்தோம். கட்டுத்தறி விளக்கை அணைத்துவிட்டு, மாமாவை உதைக்கச் சொல்லி நான் இன்ஜினுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தேன். மாடுகள் அசை போடும் சத்தத்துக்கு நடுவே முதல் உதையிலேயே தெரிந்துவிட்டது. பிளக் கேப்பின் ரப்பர் உறையின் கீழ் விளிம்பிலிருந்து இன்ஜின் துடுப்பு வரை, நூல் கனத்தில், ஊதா கலந்த நீலத்தில் ஒரு கோடு பாம்பு நெளிவது போல ஓடி மறைந்தது. அடுத்த உதையில் மறுபடியும் அதே பாதையில் ஓடியது. "ஐயோ, இங்கல்லோ போகுது!" என்று மாமாவும் குனிந்து பார்த்தார். அத்தையையும் கூப்பிட்டுக் காட்டினார்.

டார்ச் வெளிச்சத்தில் கேப்பை இழுத்துப் பார்த்தேன். ரப்பரில் நகக்கீறல் போல ஒரு விரிசல், அதன் உள்ளே செம்மண் கலந்த ஈரம், விரிசலின் இரு கரையிலும் மின்சாரம் ஓடி ஓடிக் கரியாக்கிய ஒரு தடம். கேப்பை ஒயரிலிருந்து திருகிக் கழற்றினால், உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்திருந்தன. வழி முழுக்கப் பழுதாகியிருந்த நிலையில், வெளியே அந்தச் சிறிய பொறியாவது வந்தது என்பதே ஆச்சரியம்தான்.

பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் இதே வகை வண்டி இருந்தது. அவரிடம் கேட்டு அதன் கேப்பைக் கழற்றி வந்தேன். காயிலிலிருந்து கேப்புக்கு வரும் ஹெச்.டி. ஒயரின் முனையில் பச்சை பூத்த பகுதியை அரை சென்டிமீட்டர் அளவுக்குக் கட்டிங் பிளையரால் வெட்டி எறிந்துவிட்டு, பளபளக்கும் புதுச் செம்பில் அந்தக் கேப்பைத் திருகினேன். 6 மில்லிமீட்டர் சோதனையில் பொறி வெள்ளை நீலத்தில், சாட்டை சொடுக்கும் சத்தத்தோடு தாண்டியது. சிலிண்டருக்குள் பெட்ரோல் நிறைந்திருக்கும் என்பதால், டேப்பை மூடி, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்தபடி பத்து உதை உதைத்து ஈரத்தை வெளியேற்றினேன். காய்ந்த பிளக்கை மாட்டி, டேப்பைத் திறந்து உதைத்ததும் இரண்டாவது உதையில் பிடித்தது. அத்தை கையெடுத்துக் கும்பிட்டார்.

கூடவே வந்திருந்த பக்கத்துத் தோட்டத்துத் தம்பி, "ஏனுங்ணா, எங்க புது வண்டிக்குக் கார்ப்பரேட்டரே இல்லீங்களே, அது இப்படி நின்னா என்னங்ணா பாக்கோணும்?" என்று கேட்டான். 2020 ஏப்ரல் 1 முதல் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள், கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டதால், இந்தக் கேள்வி எல்லோருக்கும் பொதுவானது. சாவியைத் திருகியதும் டேங்கிற்குள் பம்பு இரண்டு மூன்று விநாடி 'ஙொய்' என்று ஓடி நிற்கும் சத்தம் கேட்க வேண்டும் என்றும், அது கேட்காவிட்டால் ஃபியூஸிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் சொன்னேன். வண்டி சாய்ந்து விழுந்திருந்தால் சாய்வு சென்சார் இன்ஜினை அணைத்திருக்கும், நிமிர்த்திச் சாவியை அணைத்துப் போட்டால் போதும். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால், கம்ப்யூட்டர் ஏதோ குறை சொல்கிறது என்று பொருள். பேட்டரிக்கும் அந்த வண்டிகளில் முக்கியத்துவம் கூடுதல். மாமாவின் வண்டியில் சி.டி.ஐ.க்கு மேக்னட் காயிலே நேராக மின்சாரம் கொடுப்பதால் பேட்டரி இல்லாமலும் பொறி வரும். புது வண்டிகளில் அப்படியில்லை. பேட்டரி தளர்ந்திருந்தால் செல்ஃப் சுற்றும், ஆனால் சுற்றும் அந்த நேரத்தில் வோல்ட்டேஜ் 12-லிருந்து 9-க்குப் பக்கமாக இறங்கிவிட்டால் கம்ப்யூட்டரும் பம்பும் சரியாக வேலை செய்யாது. அப்போதும் மீட்டரைச் சும்மா இருக்கும் பேட்டரியில் வைத்துப் பார்க்காமல், செல்ஃப் சுற்றும்போது வைத்துப் பார்க்கச் சொன்னேன். தம்பி அதை ஃபோனில் எழுதிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலையில் பல்லடத்தில் புதுக் கேப் வாங்கிக் கொடுத்தனுப்பினேன், விலை நூற்றைம்பது ரூபாய்கூட இல்லை. மாமா அதை மாட்டிக்கொண்டு, கடன் வாங்கிய கேப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பழைய கேப்பைப் பட்டறைக்குக் கொண்டுபோய், இன்சுலேஷனை அதிக வோல்ட்டில் சோதிக்கும், கையால் சுற்றும் பழைய மெக்கரில் ஒரு முனையை உள் தொடுமுனையிலும் மறுமுனையை ரப்பரின் வெளிப்புறத்திலும் கவ்வவிட்டுச் சுற்றினேன். இரண்டு நாள் என் பையில் கிடந்து நன்றாகக் காய்ந்திருந்த கேப்பில் எந்தக் குறையும் தெரியவில்லை, முள் அளவுகோலின் கடைசிக் கோட்டிலேயே நின்றது. தண்ணீரில் கொஞ்சம் செம்மண்ணைக் கரைத்து, விரிசலில் ஒரு சொட்டு விட்டு மறுபடியும் சுற்றினேன். முள் அசைந்து, பாதி அளவுகோலைத் தாண்டி இறங்கிப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.